மணி அடித்தது கேளாதவர்கள்

சென்ற ஆவணி மாதத்தில் ஒருநாள் மாலை, கிண்டியில் ஏறித் தாம்பரத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மின்சார ரயிலில், எனக்கு எதிர் இருக்கையில் ஜன்னலோரமாக அமர்ந்திருந்த ஓர் அம்மையார், தம் கைப்பையை மடிமேல் மேஜைபோலப் படுக்கவைத்து, நூலால் கட்டியிருந்த விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்து, சிவப்பு மைப் பேனாவால் திருத்திக்கொண்டே வந்தார். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் என்று நிலையங்கள் கழியக் கழிய, தாள்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்துகொண்டிருந்தன. ஒரு சரிக்குறி, ஓரத்தில் ஒரு எண், முதல் பக்கத்தில் கூட்டுத்தொகை, அடுத்த தாள் என்று அந்தக் கை இயங்கிய வேகத்தைப் பார்த்தால், பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் தேய்ந்த கை அது என்பது யாருக்கும் விளங்கும். பல்லாவரம் தாண்டியதும் ஒரு தாளில் அந்தப் பேனா நின்றது. நின்றது என்றால், எழுத இடம் தேடி நிற்கவில்லை. மூடி போடாமலே விரலிடுக்கில் அப்படியே தொங்கிற்று. அம்மையார் ஒரு பக்கத்தைப் படித்தார், முந்தைய பக்கத்துக்குத் திரும்பினார், மீண்டும் படித்தார், தமக்குத் தாமே புன்னகை செய்துகொண்டார். கொய்யாப்பழக் கூடையுடன் வந்தவன் இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் வராததால் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். குரோம்பேட்டை வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது.

அப்போது அவருடைய கைபேசி ஒலித்தது. "சொல்லுங்க சார்... இன்னும் அரை மணி நேரத்திலயா? நான் ட்ரெயின்ல இருக்கேன் சார்... சரி சார், வீட்டுக்குப் போனதும் அனுப்பிடறேன்." நான் கவனித்துக்கொண்டிருந்ததைக் கண்டு, சற்றே வெட்கத்துடன், "மூணு வருஷமா டிபார்ட்மென்ட்ல எத்தனை செமினார் நடத்தினோம்னு கணக்கு வேணுமாம் சார். போன வாரம்தான் கொடுத்தேன். இப்ப வேற ஃபார்மட்ல கேக்கறாங்க" என்றார். பிறகு அந்தத் தாளை எடுத்துச் சிறிது நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.

முதல் வரியிலிருந்து என்பதைத்தான் வாசகர் கவனிக்கவேண்டும். அந்தத் தொலைபேசிப் பேச்சு ஒரு நிமிஷத்துக்கு மேல் நீடிக்கவில்லை. ஆனால் அது பறித்துக்கொண்டு போனது ஒரு நிமிஷத்தை மட்டும் அன்று என்பதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே உத்தியோகத்தில் காலம் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் நான் அறிவேன்.

வேலையில் மனம் இப்படிக் கரைந்துபோகும் நிலைக்கு நம் மொழியில் லயிப்பு என்று ஓர் அழகான பெயர் உண்டு. கச்சேரியில் பாடகர் ராகத்தில் லயித்தார் என்கிறோம். கொல்லர் உலைக்களத்திலும், தாயார் அடுப்பங்கரையிலும், சிறுவன் பட்டம் விடுவதிலும் லயித்துப்போவதைக் கண்டிருக்கிறோம். ஹங்கேரிய வம்சத்தவரும் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவருமான மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியல் அறிஞர், சதுரங்கம் ஆடுவோர், செங்குத்துப் பாறை ஏறுவோர், நடனமாடுவோர், அறுவை சிகிச்சை செய்யும் வைத்தியர்கள் முதலிய பலதரப்பட்டவர்களிடம் அவர்கள் தங்கள் காரியத்தில் மூழ்கியிருக்கும்போது நேரும் அனுபவத்தை விசாரித்து, 1975-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஆற்றுவெள்ளம் தங்களைத் தூக்கிச் சென்றதுபோல் இருந்தது என்று அவர்களில் பலர் தாமாகவே சொன்னதால், அந்த நிலைக்கு ‘ஃப்ளோ’, அதாவது ஓட்டம், என்றே அவர் பெயரிட்டுவிட்டார். செய்யும் காரியத்தின் கடுமையும் செய்பவரின் திறமையும் ஏறக்குறையச் சமமாக இருக்கவேண்டும். காரியம் மிஞ்சினால் கலக்கம், திறமை மிஞ்சினால் சலிப்பு. இரண்டும் சமமாக நிற்கும் அந்தக் குறுகிய வரப்பில்தான் லயிப்பு நிகழ்கிறது என்பது அவருடைய விசாரணையின் சாரம்.

இதை ஆசிரியத் தொழிலுக்குக் கொண்டுவந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த ஆர்னால்ட் பக்கர். வேலையில் நேரும் லயிப்பை அவர் மூன்றாகப் பகுத்தார்: ஆழ்ந்துபோதல், அதில் காணும் ஆனந்தம், பிறர் தூண்டாமலே அந்த வேலையைச் செய்ய எழும் ஆசை. இவற்றை அளப்பதற்குப் பதின்மூன்றே வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலையும் 2008-இல் அவர் வெளியிட்டார். அதற்கு முன்பே, 2005-இல், பதினாறு இசைப் பள்ளிகளைச் சேர்ந்த 178 சங்கீத ஆசிரியர்களையும் அவர்களுடைய மாணவர்கள் 605 பேரையும் வைத்து அவர் நடத்திய ஆய்வில் இரண்டு விஷயங்கள் தெரியவந்தன. தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்துகொள்ளும் சுதந்திரம், செய்த வேலை எப்படி இருந்தது என்று யாராவது சொல்வது, சக ஆசிரியரின் ஒத்தாசை, மேலே இருப்பவரின் வழிகாட்டல் ஆகியவை எங்கே இருந்தனவோ அங்கேதான் ஆசிரியரின் திறமையும் சவாலும் சமநிலை பெற்றன, லயிப்பும் கைகூடிற்று என்பது ஒன்று. ஆசிரியர் எவ்வளவுக்கு லயித்தாரோ அவ்வளவுக்கு மாணவரும் லயித்தனர் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கண்டுபிடிக்க இவ்வளவு பெரிய ஆராய்ச்சி வேண்டுமா என்று பழைய குருகுலத்துப் பாட்டு வாத்தியார் ஒருவர் கேட்டிருக்கக்கூடும். ஆனால் முதலாவது விஷயத்தை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். ஓர் ஆசிரியர் உற்சாகமாகப் பாடம் நடத்தினால் அது அவருடைய பிறவிக் குணம் என்றும், சோர்ந்து நடத்தினால் அது அவருடைய சிரத்தைக் குறைவு என்றும் தீர்ப்புச் சொல்லிவிட்டு, அவருக்கு நாற்காலி இருந்ததா, அவகாசம் இருந்ததா, அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கேள்விகளைக் கேட்காமலே போய்விடுகிறோம்.

இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதற்குத் தாம்பரத்தைப் போல வசதியான ஊர் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். 1931-ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திலிருந்து இவ்வூர் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. ஆறு ஆண்டுகள் கழித்து, ஜார்ஜ் டவுனின் சந்தடி நடுவே ஒரு நூற்றாண்டாக வளர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, ரயில்பாதைக்குக் கிழக்கே சேலையூர்ப் பக்கத்தில் 365 ஏக்கர் பரப்புள்ள புதர்க்காட்டுக்குக் குடிபெயர்ந்தது. கடைத்தெருவின் இரைச்சலில் நடந்த கல்லூரி ஒன்று காட்டுக்குள் வந்து, மாணவர் விடுதிகளையும் ஆசிரியர் வீடுகளையும் மரங்களுக்கிடையே கட்டிக்கொண்டது சாமானியமான முடிவன்று. ஆசிரியரின் நாளில் பிரயாணம் விழுங்காத சில மணி நேரத்தை அந்தக் காடு மிச்சப்படுத்திக் கொடுத்தது.

அந்த மிச்சம் எப்படிச் செலவாயிற்று என்பதற்கு அங்கேயே சாட்சியங்கள் நிற்கின்றன. ரசாயனப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் என்ற வெள்ளைக்காரர், தம் மனைவி ஆலிஸுடன் சேர்ந்து அந்த வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்ததோடு, விடுமுறைகளில் மலைகளில் ஏறித் தென்னிந்தியத் தாவரங்களையும் ஆராய்ந்தார். சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த மலைச்செடி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரசாயனம் கற்பிக்க வந்தவருக்குச் சேம்புச்செடியோடு என்ன வேலை என்று அவரை யாரும் கேட்கவில்லை போலும்.

அவருக்குப் பின் வந்த தலைமுறையில் கிஃப்ட் சிரோமணி என்ற பெயரைத் தாம்பரத்துக்காரர்கள் மறந்துவிடலாகாது. 1932-இல் பிறந்து 1988-இல் மறைந்த இவர், அக்கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர். புள்ளியியல் அவருக்குச் சோறு போட்ட துறை. ஆனால் அவருடைய சிந்தனை மாமல்லபுரத்துச் சிற்பங்களின் ஆடை அணிகலன்கள், சிந்துவெளி எழுத்துகள், அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணிப்பொறி கண்டுகொள்ளும் வழி, தாம்பரத்துப் பறவைகள் என்று எல்லைச்சுவர் இல்லாத தோப்பில் சுற்றிவந்தது. இவற்றையெல்லாம் விட எனக்கு வியப்பளிப்பது அவர் வாசல் கோலத்தைப் பார்த்த விதம். மார்கழி விடியலில் நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றிக் கம்பியை வளைத்து, ஒரு சிறிய கோலத்தை நான்கு பக்கமும் பெருக்கிப் பெருக்கித் தெருவை அடைக்கும் பெரிய கோலமாக்குகிறார்களே, அதில் ஓர் இலக்கணம் இருக்கிறது என்று அவரும், கணிதப் பேராசிரியரான அவருடைய மனைவி ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனும் கண்டார்கள். சொற்களை எந்த விதிப்படி கோத்தால் வாக்கியம் பிறக்கிறது என்று மொழியியலார் சொல்லும் விதிகளைப்போல, எந்த விதிப்படி வரிசைகளையும் நிரல்களையும் பெருக்கினால் கோலம் பிறக்கிறது என்று அவர்கள் எழுதிய கட்டுரை 1974-இல் கணிப்பொறிச் சித்திரங்களுக்கான சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் வெளியாயிற்று. கணிப்பொறி என்பதை நம்மில் பெரும்பாலோர் படத்தில்கூடப் பார்த்திராத காலம் அது. அரிசிமாவுக்கும் அந்த இயந்திரத்துக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதை இருக்கிறது என்று கண்டுபிடிக்க மேதைமை வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாசலில் நின்று கோலத்தைப் பார்க்க அவகாசமும் வேண்டும், பார்த்ததைச் சொன்னால் சிரிக்காத சகாக்களும் வேண்டும், இது உம்முடைய பாடத்திட்டத்தில் எந்த அலகில் வருகிறது என்று கேட்காத நிர்வாகமும் வேண்டும்.

இப்படிச் சொல்வதால் பழங்காலம் எல்லாம் பொற்காலம் என்று நான் பஜனை பாடுவதாக வாசகர் எண்ணவேண்டாம். கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தபோது அங்கே தமிழ் கற்பித்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், பரிதிமாற் கலைஞர் என்று நாம் போற்றுபவர், தத்துவத் துறையில் பணி கிடைக்கக்கூடியதாக இருந்தும் தமிழையே விரும்பி ஏற்றுக்கொண்டவர். கல்லூரி நேரம் போக, ஆர்வமுள்ள பிள்ளைகளை வீட்டிலும் வரவழைத்துப் பாடம் சொல்லி, அவர்களுக்கு இயற்றமிழ் மாணவர் என்று பெயரும் சூட்டினார். அவருக்கிருந்த லயிப்பை அளக்கப் பதின்மூன்று கேள்விகள் வேண்டியதில்லை. ஆயினும் 1903-இல், முப்பத்துமூன்று வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. (டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கியது அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துத்தான்.) தனியார் கல்லூரிகள் பலவற்றில், ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேறொரு தொகையைக் கையில் வாங்கிச் சென்ற ஆசிரியர்களின் கதையை என் தலைமுறையினர் நேரில் கேட்டிருக்கிறோம். நிர்வாகியின் முகம் சிணுங்கினால் மறுநாள் வேலை இல்லை என்ற நிலை மாறுவதற்கு, மூட்டா, ஏ.யூ.டி. முதலிய ஆசிரியர் சங்கங்கள் வீதியில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகுதான் ஆசிரியர் ஓரளவு தலை நிமிர்ந்து வகுப்புக்குள் நுழைய முடிந்தது. வகுப்பறையில் லயித்துப் பாடம் சொன்னவர்களுக்கும், தெருவில் கோஷம் போட்டுச் சிறை சென்றவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. முன்னவர் லயிப்புக்குப் பின்னவர் கட்டியதுதான் கூரை.

இன்று தாம்பரத்தைச் சுற்றிய நிலைமை முற்றிலும் வேறு. 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு வழி திறந்துவிட்ட பிறகு, பல்லாவரம், சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர் என்று ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஏரிக்கரைகளிலும் தோப்புகளிலும் கல்லூரிகள் எழும்பி, அவற்றில் சில பல்கலைக்கழகங்களாகவும் உயர்ந்துவிட்டன. காலை ஆறரை மணிக்குச் சானடோரியம் நிறுத்தத்தில் நின்று பார்த்தால், மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்துகள் வரிசையாக வருவதையும், முதல் இரண்டு இருக்கை வரிசைகளில் ஆசிரியர்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே கண்மூடிச் சாய்ந்திருப்பதையும் காணலாம். வாயிலில் இறங்கியதும் கைரேகை வைக்கவேண்டும். பேருந்து நெரிசலில் சிக்கிப் பத்து நிமிஷம் தாமதித்தாலும் இயந்திரத்துக்கு நியாயம் சொல்லி மாளாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2010-ஆம் ஆண்டு வகுத்த விதிகளின்படி, முழுநேர ஆசிரியரின் வேலை வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்குக் குறையலாகாது. அதில் உதவிப் பேராசிரியர் பதினாறு மணி நேரமும், இணைப் பேராசிரியரும் பேராசிரியரும் பதினான்கு மணி நேரமும் நேரடியாக வகுப்பெடுக்கவேண்டும். 2016-இல் அந்தப் பதினாறை உயர்த்த முயன்று, ஆசிரியர்களின் கடும் எதிர்ப்பைக் கண்டு குழு பின்வாங்கிற்று. வெளியார் இந்தக் கணக்கைப் பார்த்து, நாற்பதில் பதினாறு போக மீதி இருபத்துநான்கு மணி நேரமும் இவர்கள் காப்பி குடிக்கிறார்களா என்று கேட்பது வழக்கம். அந்த இருபத்துநான்குதான் கோலத்தைப் பார்க்கவேண்டிய நேரம். பாடத்துக்குத் தயார் செய்யவும், நூலகத்தில் உட்காரவும், மாணவன் ஒருவனைக் கூப்பிட்டு நீ ஏன் இரண்டு வாரமாக வரவில்லை என்று விசாரிக்கவும் உரிய நேரம். அது எங்கே போகிறது என்றால், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்கான ஃபைல்களுக்கும், அட்மிஷன் காலத்தில் பெற்றோருக்குத் தொலைபேசியில் பேசுவதற்கும், வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் சப்ஸ்டிட்யூஷனுக்கும், தேர்வுக்கூடக் கண்காணிப்புக்கும், நேற்று ஒரு வடிவத்தில் அனுப்பிய புள்ளிவிவரத்தை இன்று வேறொரு வடிவத்தில் அனுப்புவதற்கும் போகிறது. அதே 2010-இல் பதவி உயர்வுக்குப் புள்ளி முறை வந்தபின், ஆய்வுக்கும் ஒரு விலைப்பட்டியல் உண்டாயிற்று. பார்ன்ஸ் நட்ட மரத்துக்கு அந்தப் பட்டியலில் எத்தனை புள்ளி என்று நான் ஒருமுறை விளையாட்டாகத் தேடிப் பார்த்ததுண்டு.

நேரம் குறைவது ஒரு துன்பம். நேரம் துண்டு துண்டாவது அதனினும் பெரிய துன்பம். ஒரு காரியத்தைப் பாதியில் விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி பழைய காரியத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதனைகள் மூலம் காட்டினார். பலாப்பழம் அரிந்த கையை எண்ணெய் தடவாமல் கழுவினால் பால் போகாததுபோல, விட்டுவந்த வேலையின் பிசுக்கு அடுத்த வேலையிலும் ஒட்டுகிறது. அந்த ரயில் அம்மையார் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியது இதனால்தான்.

இதில் நான் செய்த பாவம் ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். நான் வேலை பார்த்த கல்லூரியில் சில ஆண்டுகள் கால அட்டவணை போடும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பெரிய வெள்ளைத் தாளில் பென்சிலால் கட்டம் போட்டு, ஆசிரியர் பெயர்களைச் சதுரங்கக் காய்கள்போல் நகர்த்தி, எல்லாக் கட்டமும் நிரம்பினால் நமக்கு ஜெயம் என்று மகிழ்ந்துவிடுவேன். புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு, சீனியர்கள் வேண்டாம் என்று தள்ளிய கட்டங்களெல்லாம் போய்ச் சேர்ந்ததால், தினமும் முதல் பீரியட், மூன்றாவது பீரியட், கடைசி பீரியட் என்று விழுந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவர் என்னிடம் வந்து, "சார், எனக்கு ஃப்ரீ பீரியட் குறைச்சல்னு சொல்லல. நிறையவே இருக்கு. ஆனா எல்லாமே துண்டு துண்டா இருக்கு சார். புஸ்தகத்தை எடுத்து வெச்சு, எங்க விட்டோம்னு தேடி முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிடுது" என்றார். குறை சொல்லும் குரலில்கூட அவர் சொல்லவில்லை. அடுத்த பருவத்தில் இரண்டு பேரிடம் கெஞ்சிக் கூத்தாடி, புதன்கிழமை மதியம் முழுவதையும் அவருக்கு ஒழித்துக் கொடுத்தேன். வகுப்பு நேரத்தில் ஒரு மணி கூடவில்லை, குறையவில்லை. ஒரு பைசா செலவில்லை. நான்கு ஆண்டுகளாக நகராமல் கிடந்த அவருடைய ஆய்வேடு அந்தப் புதன்கிழமைகளில்தான் முடிந்தது. அதைவிட, செவ்வாய்க்கிழமை மாலையே அவர் முகத்தில் ஒரு களை வந்துவிடும். வியாழக்கிழமைக் காலை வகுப்பில் அவருடைய குரல் இரண்டு அறை தாண்டிக் கேட்கும். முந்தைய பருவத்தில் அந்த இளைஞரை நான் மந்தமானவர் என்று மதிப்பிட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவராவது நிரந்தரப் பணியாளர். அரசுக் கல்லூரிகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கௌரவ விரிவுரையாளர் என்ற பெயரில் வேலை பார்க்கிறார்கள். பெயரில் உள்ள கௌரவத்தைச் சம்பளத்தில் தேடக்கூடாது. வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு உச்சவரம்பாக 50,000 ரூபாய் என்று மானியக் குழு 2019-இல் அறிவித்த பின்னும், சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இவர்கள் வாங்கியது 20,000 ரூபாய்தான். அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். உதவிபெறும் கல்லூரிகளிலோ, காலையில் அரசுச் சம்பளம் பெறும் ஆசிரியர் எந்த பெஞ்சுகளுக்கு முன்னால் நின்று எந்தப் பாடத்தை நடத்தினாரோ, மதியம் ‘ஷிஃப்ட் டூ’வில் அதே பெஞ்சுகளுக்கு முன்னால் அதே பாடத்தைச் சுயநிதி ஆசிரியர் மிகச் சிறிய பகுதிச் சம்பளத்துக்கு நடத்துகிறார். 2024-இல் நாலாயிரம் நிரந்தர இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிப்பு வெளியிட்டபோது, பத்துப் பதினைந்து ஆண்டுகள் பாடம் நடத்தியவர்கள் தங்கள் மாணவர்களோடு சேர்ந்து வரிசையில் நின்று விண்ணப்பிக்கும்படி ஆயிற்று. மே மாத மளிகைக் கடனை எண்ணிக்கொண்டே ஒருவர் ஷேக்ஸ்பியரில் ஆழ்ந்துபோகவேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த சாஸ்திரத்தில் சேர்ந்தது?

விசித்திரம் என்னவென்றால், இவர்களிலும் லயித்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். 1989-இல் சிக்சென்ட்மிஹாயி, ஜூடித் லெஃபேவர் என்பவருடன் சேர்ந்து, பேஜர் கருவியை ஆட்களிடம் கொடுத்து, அது ஒலிக்கும் தருணத்தில் அவர்கள் மனநிலை என்ன என்று குறித்துவைக்கச் செய்தபோது, மக்கள் ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்திலேயே அதிகமாக ஆழ்ந்துபோகிறார்கள் என்பது தெரிந்தது. அதே சமயம் வேலையிலிருந்து ஓடிவிடவேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு வேலை நேரத்தில்தான் இருந்தது. வகுப்புக்குள் ஆனந்தம், வகுப்புக்கு வெளியே அவமானம் என்று வாழும் ஆசிரியருக்கு இந்த முரண் புதிதன்று. இந்த ஆனந்தத்தையே ஒரு சம்பளமாகக் காட்டி, உமக்குத்தான் பாடம் நடத்துவதில் இவ்வளவு பிரியம் ஆயிற்றே, இன்னும் ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்களேன் என்று தோளில் தட்டும் துறைத்தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானே ஓரிரு முறை தட்டியும் இருக்கிறேன்.

துறைத்தலைவரால் வேறு விதமாகவும் இருக்க முடியும். பின்லாந்து நாட்டு ஆசிரியர்கள் 805 பேரை வைத்து 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மாணவர்களின் அடங்காத்தனம் மிகுந்த வகுப்புகளில்தான் மேலாளரின் ஆதரவும், பாராட்டும், பள்ளியின் நல்ல சூழலும் ஆசிரியரின் ஈடுபாட்டை மிகுதியாகத் தாங்கிப்பிடித்தன என்று கண்டார்கள். எல்லாம் சுமுகமாக இருக்கும்போது யாரும் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, எழுபது பேர் அடைந்த அறையில், மின்விசிறி சுழலாத மதியவேளையில், கடைசி பெஞ்சு கலகலக்கும்போதுதான் ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பியதும் யாராவது ஒருவர் "என்ன சார், இன்னைக்குப் படுத்திட்டாங்களா?" என்று கேட்டு, ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. ஸ்டாஃப் ரூமையே எடுத்துவிட்டு, ஆளுக்கொரு தடுப்புக்குள் கணிப்பொறியை வைத்து உட்காரச் செய்யும் புதிய கட்டடங்களில் அந்த ஃபிளாஸ்க் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

ரயிலை நடுவழியில் நிறுத்திவிட்டேன். சானடோரியம் தாண்டியதும் அந்த அம்மையார் தாள்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். எந்தப் பதில் இவரை அப்படி நிறுத்திவைத்தது என்ற ஆவலை அடக்க முடியாமல், நானும் பழைய வாத்தியார்தான் என்று அறிமுகம் செய்துகொண்டு கேட்டேன். அவர் பொருளாதாரம் கற்பிப்பவர். முதலாண்டு மாணவர்களுக்கு வைத்த இன்டர்னல் தேர்வு. விலை ஏறினாலும் தேவை குறையாத பொருளுக்கு உதாரணம் தருக என்று கேட்டால், கைடு புத்தகத்தில் உள்ளபடி உப்பு என்று அறுபது பேரும் எழுதியிருக்க, ஒரு பெண் மட்டும் மடிப்பாக்கத்தில் தங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியைப் பற்றி எழுதியிருந்தாளாம். "மே மாசத்துல லோடுக்கு எவ்வளவு ஏத்தினாங்க, அவங்க அம்மா எதை விட்டுட்டு அந்தக் காசைக் கொடுத்தாங்க, அப்புறம் நாலு வீடு சேர்ந்து ஒரே லோடு வாங்க ஆரம்பிச்சதும் என்ன ஆச்சுன்னு எழுதிக்கிட்டே போறா சார். நாலு வீடு சேர்ந்தா தேவை குறைஞ்சதா, இல்ல பகிர்ந்துகிட்டதான்னு அவளே ஒரு கேள்வியையும் கேட்டு வெச்சிருக்கா. அதுக்கு நான் கிளாஸ்ல பதில் சொல்லல. நானே யோசிக்கணும்."

"எத்தனை மார்க் போட்டீர்கள்?"

"இன்னும் போடல சார். கடைசிப் பக்கம் பாக்கி இருக்கே."

தாம்பரத்தில் இறங்கினோம். கூட்டம் நடைமேம்பாலத்துப் படிகளை நோக்கி நெரித்துக்கொண்டு போயிற்று. நான் பாதிப் படி ஏறித் திரும்பிப் பார்த்தபோது, அவர் படிக்கட்டின் கீழே ஒரு தூணோரமாக ஒதுங்கி, குழல்விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தோளில் தொங்கிய பைக்குள்ளிருந்து கைபேசி ஒலிப்பது, இரைச்சலையும் மீறி எனக்குக் கேட்டது.